எருக்கலம்பிட்டியில் விற்காத பிஸ்கட்

மன்னார்த் தீவுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, எருக்கலம்பிட்டிச் சந்தியில் இருந்த பலசரக்குக் கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பாக்கெட் கேட்டேன். பசியால் கேட்கவில்லை. அது எங்கள் பிஸ்கட். சென்னையில் நான் வேலை பார்க்கும் விளம்பர நிறுவனம்தான் அதற்கு விளம்பரம் செய்கிறது. அயலூர்க் கூட்டத்தில் சொந்தக்காரர் முகம் தெரிந்தால் ஒரு தெம்பு வருமே, அந்தத் தெம்பைத் தேடித்தான் போனேன்.

"அந்தப் பிஸ்கட் இஞ்ச இல்ல" என்றார் கடைக்காரர்.

"தீர்ந்துபோச்சுங்களா?"

"தீரேல்ல. பின்னுக்கு நாலு பெட்டி கிடக்கு. விக்கிறதில்ல."

அவர் பெயர் நசீம். ஊரில் எல்லோருக்கும் நசீம் நானா. நானா என்றால் அண்ணன். வெள்ளைத் தொப்பியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு என்னைக் கால் முதல் தலைவரை ஒருமுறை பார்த்தார்.

"இந்தியாவோ?"

"சென்னை."

"கடல் தாண்டி வந்து இந்தப் பிஸ்கட்டையா கேக்கிறீங்கள்? வேற நல்ல சாமான் இருக்கு. பணிஸ் இருக்கு. தேத்தண்ணி போடவா?"

தேத்தண்ணி என்றால் தேநீர், பணிஸ் என்பது பன் ரொட்டி. அதைத் தின்றபடியே, ஏன் விற்பதில்லை என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். அவர் சொன்ன பதில், கம்பெனி என்னிடம் கொடுத்தனுப்பிய கோப்பில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் விளம்பரம் போடுகிற கம்பெனிகள், தங்கள் விளம்பரம் எந்த வீடியோவுக்கு முன்னால் ஓடுகிறது என்பதைத் தாங்களே தேர்ந்தெடுப்பதில்லை. சமூக ஊடகத் தளமே அதைச் செய்துவிடுகிறது. கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கண்டவனும் வந்து நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார் அல்லவா, அவர்தான் நான். எங்கள் விளம்பரத்துக்குப் பக்கத்தில் அசிங்கமான, ஆபத்தான வீடியோ எதுவும் வந்துவிடாமல் பார்ப்பது என் பொறுப்பு. அதில் நான் கோட்டைவிட்ட ஒரு வீடியோதான் என்னை மன்னாருக்கு அழைத்துவந்தது.

பிஸ்கட் விளம்பரத்தில் ஒரு குடும்பம் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடும். கடைசியில் எல்லோரும் நம்மைப் பார்த்து, "நம்பிச் சாப்பிடுங்க" என்பார்கள். அந்த இரண்டு வார்த்தையை எழுதியவன் நான். அது முடிந்த அடுத்த நொடி, முகம் காட்டாத ஒருவனின் குரல் ஆரம்பிக்கும். எருக்கலம்பிட்டியில் ஹாஜரா என்பவர் விற்கிற கருவாட்டில் ஒரு வெள்ளை மருந்து தூவப்படுகிறது, அதைத் தின்ற மற்றச் சமூகத்துப் பெண்களுக்குப் பிள்ளை பிறக்காது, இதை எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று அந்தக் குரல் சொல்லும். பின்னணியில் சோகமான ஒரு சினிமாப் பாட்டு. திரையில் ஒரு பெண் மீன்களின் மேல் எதையோ தூவிக்கொண்டிருப்பார்.

விஷயம் வெளியே வந்ததும் எங்கள் பிஸ்கட் கம்பெனியும் இன்னும் சில கம்பெனிகளும் சேர்ந்து, இப்படிப்பட்ட வீடியோக்களை நீக்கும்வரை அந்தத் தளத்துக்கு விளம்பரம் இல்லை என்று அறிவித்தன. "எங்கள் விழுமியங்களில் சமரசம் இல்லை" என்று பத்திரிகை அறிக்கை போனது. தளம் உடனே பதில் அனுப்பியது: பாதிக்கப்பட்டவர் கையொப்பமிட்ட படிவம் வேண்டும். எங்கள் வழக்கறிஞர் எழுதிய படிவத்தோடு நான் புறப்பட்டேன்.

நசீம் நானா சொன்னது இதுதான். வீடியோ வந்த அன்றே, அதற்கு முன்னால் எங்கள் பிஸ்கட் ஓடுவதை ஊரே பார்த்திருக்கிறது. தொழுகை முடிந்து வந்து நாலு கடைக்காரர்கள் பேசி, பிஸ்கட்டைத் தட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். பிறகு முசலிப் பக்கத்துக் கடைகள். பிறகு புத்தளத்தில் சொந்தக்காரர்களின் கடைகள். விநியோகஸ்தரின் லொறி, கொண்டுவந்த பெட்டிகளையே திருப்பிக் கொண்டுபோனது.

"அவங்கட ஆள் வந்து ஏன் எண்டு கேட்டவர். நான் வீடியோவக் காட்டினன். ஆறு நாள் கழிச்சுத்தான் பெரிய கம்பனி விளம்பரத்த நிப்பாட்டினது" என்றார்.

எங்கள் விழுமியங்கள் எந்த லொறியில் ஏறி வந்தன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மிடறு தேத்தண்ணியை விழுங்கிவிட்டு, நான் அந்தக் கம்பெனி அனுப்பிய ஆள்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"அப்ப நீங்கள் ஹாஜரா தாத்தாவையெல்லோ பாக்கவேணும்" என்றார்.

தாத்தாவா? என் கோப்பில் ஹாஜரா என்பது ஒரு பெண். ஒருவேளை அவருடைய தாத்தாவிடம்தான் முதலில் அனுமதி வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரியவரைப் பார்க்கப் போகிறோமே என்று அரை டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் முக்காடும் கையில் மீன் வெட்டும் கத்தியுமாக நின்றார்.

"தாத்தா இருக்காங்களா?" என்றேன்.

"நான்தான்."

"இல்லீங்க, தாத்தா. வயசானவர்."

கத்தி ஒரு கணம் நின்றது. என்னை அழைத்துப்போன ஆட்டோக்காரர் சூசை பின்னால் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "சேர், இவையள் அக்காவத்தான் தாத்தா எண்டு சொல்லுறது!"

ஹாஜரா தாத்தா வாழைப்பழங்களை வாங்கிக்கொண்டார். "வயசானவருக்கெண்டு கொண்டுவந்ததோ? பரவாயில்ல. உள்ளுக்கு வாங்கோ."

அன்றைக்கு வேலை எதுவும் நடக்கவில்லை. அவருக்கு மீன் வந்து இறங்கியிருந்தது. அவருடைய கணவரும் மற்றவர்களும் கரைக்குக் கொண்டுவந்த மீனை வெட்டி, கழுவி, உப்பிட்டு, வெயில் போவதற்குள் காயப்போட்டாக வேண்டும். ஓரமாக ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். காற்று ஒரு நிமிஷம் ஓயவில்லை. மெரினாவில் காற்று வாங்கப் போவோம். இங்கே காற்று வந்து நம்மை வாங்கிவிடுகிறது. என் படிவத்தின் இரண்டாம் பக்கம் பறந்துபோய் ஒரு சீலா மீனின் மேல் ஒட்டிக்கொண்டது. தட்டி எடுத்தபோது 'பாதிப்புற்ற தரப்பினர்' என்ற இடத்தில் செதில்கள்.

அடுத்த நாள் காலை மறுபடி போனேன். மன்னார் நகரத்தில் நான் தங்கியிருந்த விடுதியில் பாணும் பருப்பும் கொடுத்தார்கள். பாண் என்பது ரொட்டி. சென்னையில் ரொட்டிக்குப் பருப்பு என்றால் மூக்கைச் சுளிப்பேன். இங்கே மூன்று துண்டு தின்றுவிட்டு நாலாவதுக்குக் கூச்சப்பட்டேன்.

ஹாஜரா தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு படிவத்தை முழுதாகப் படித்தார். இவ்வளவு பொறுமையாக ஒருவர் எங்கள் வழக்கறிஞரின் எழுத்தைப் படித்து நான் பார்த்ததில்லை. வழக்கறிஞரே படித்திருப்பாரா என்பது சந்தேகம்.

"இதில 'தயாரிப்பு' எண்டிருக்கிறது என்ன?"

"உங்க கருவாடுங்க."

"கருவாடெண்டே போட்டிருக்கலாம்."

என் மேலாளர் ஒரு விஷயத்தைப் பலமுறை சொல்லி அனுப்பியிருந்தார். வருத்தம் தெரிவிக்கலாம், மன்னிப்புக் கேட்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டால் சட்டப்படி தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நடந்ததுக்கு எங்க கம்பெனிக்கு ரொம்ப வருத்தங்க" என்றேன்.

"என்ன வருத்தம்?" அவர் முகத்தில் உண்மையான அக்கறை.

"பெரிய வருத்தம்."

"டொக்டரிட்டக் காட்டினவங்களா?"

இந்த ஊரில் வருத்தம் என்றால் நோய். எனக்கு அது தெரிய இரண்டு நிமிஷம் ஆனது. அவருக்கு அது முதலிலேயே தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் தன் கைபேசியை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினார். "இது ஆர் எடுத்த படம் எண்டு நினைக்கிறீங்கள்? நான் எடுப்பிச்சது. மைத்துனி போனப் பிடிச்சவ. என்ட கருவாட்டுக்கு விளம்பரம். வவுனியாவில, கொழும்பில இருக்கிற ஆக்கள் பாக்கட்டும் எண்டு அந்தத் தளத்துக்குக் காசு கட்டித்தான் ஓட விட்டனான். அதக் களவெடுத்து, உப்பத் தூவுறத மருந்து தூவுறன் எண்டு ஆக்கிப்போட்டான். உப்புப் போடாமக் கருவாடு எப்பிடிப் போடுறது, நீங்களே சொல்லுங்கோ?"

"நீங்க புகார் கொடுக்கலையா?"

"குடுத்தன். அந்தப் படம் தங்கட விதிய மீறேல்ல எண்டு ஒரு மணித்தியாலத்தில பதில் வந்தது. அண்டைக்கே நானும் விளம்பரத்த நிப்பாட்டிட்டன். உங்கட கம்பனிக்கு முன்னாலயே நிப்பாட்டின விளம்பரக்காரி நான். எனக்கொரு பத்திரிகை அறிக்கையும் இல்ல."

பிறகு வீடியோவை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ஒண்டு கேக்கிறன். விளம்பரம் ஓடினா, படம் போட்டவனுக்கும் அதில ஒரு பங்கு போகும்தானே?"

"போகும்."

"அப்ப உங்கட பிஸ்கட் காசிலதான் அவன் என்னைப் பத்திக் கதைச்சவன்."

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதை எத்தனையோ கூட்டங்களில் வரைபடம் போட்டு விளக்கியிருக்கிறேன். படத்தில் அம்புக்குறிகள் இருக்கும், நீலமும் பச்சையும். அந்த அம்பு போய்ச் சேர்கிற இடத்தில் ஒரு வீடு இருக்கும், அங்கே எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவர் தொடர்ந்தார். "சின்னப் பிள்ளையா இருக்கேக்க, சண்டைக் காலத்தில எங்கட ஆக்களப் போகச் சொல்லி, ஊரே வெளிக்கிட்டுப் புத்தளம் போனம். அங்கதான் படிச்சன், கலியாணம் முடிச்சன், திரும்பி வந்தன். ஒருக்கா அப்பிடிப் போனவங்களுக்கு, 'இவங்கட சாமான் வாங்காதேங்கோ' எண்டு ஒரு சத்தம் கேட்டாலே பெட்டி கட்டத்தான் தோணும். அது கருவாட்டப் பத்தின பயம் இல்ல."

நான் மேலாளரையும் வழக்கறிஞரையும் நினைத்துப் பார்த்தேன். அவர்கள் இருவரும் கடலுக்கு அந்தப் பக்கம் குளிர்சாதன அறையில் இருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க" என்றேன். "கம்பெனி சார்பிலயும்தான். என் சார்பிலயும்தான். அந்த வீடியோவைப் பார்த்துத் தடுத்திருக்க வேண்டியது என் வேலை."

"இத முதல்லயே சொல்லியிருந்தா, தேத்தண்ணியச் சூடாக் குடிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினார். 'நிறுவனம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது' என்ற வரியில் 'உடனடியாக' என்ற வார்த்தையை நேர்கோடாக அடித்தார். பிறகு கையொப்பமிட்டார்.

மதியம் அங்கேயே சாப்பாடு. கணவாய்க் கறி, முருங்கையிலைச் சொதி, பொரித்த கருவாடு. நான் கருவாட்டை இரண்டாவது தடவை எடுத்ததைப் பார்த்து, "உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்றார். "ரெண்டு" என்றேன். "அப்ப பயமில்ல, தின்னுங்கோ" என்றார்.

படிவத்தில் இன்னொரு பகுதி பாக்கி இருந்தது: வீடியோவை நம்பி வாங்குவதை நிறுத்திய ஒருவரின் வாக்குமூலம். யாரிடம் போவது என்று கேட்டதும் ஹாஜரா தாத்தாவின் முகம் மாறியது. தீவுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே இருக்கும் உயிலங்குளத்துக்கு அவர் வாரத்துக்கு ஒருமுறை சின்ன லொறியில் கருவாடு கொண்டுபோவார். அங்கே பரமேஸ் என்று ஒரு பெண். கமக்காரர் வீடு, அதாவது விவசாயக் குடும்பம். பல வருடப் பழக்கம். அவர் வீட்டு மாமரத்தின் கீழ்தான் மற்றப் பெண்களும் வந்து வாங்குவார்கள். வீடியோ வந்த வாரம், வேலிக் கதவான படலையைப் பரமேஸ் திறக்கவில்லை.

"நாயக் கட்டிப்போட்டுட்டு எனக்குத் திறக்கிறவ. அண்டைக்கு நாய அவிட்டுவிட்டிருந்தது. நான் வரமாட்டன், நீங்கள் வேணுமெண்டாப் போங்கோ."

மூன்றாம் நாள் சூசையின் ஆட்டோவில் புறப்பட்டேன். மன்னார் நகரத்தைத் தாண்டுவதற்குள் கழுதைகள் மறித்தன. சென்னையில் மாடு சாலையில் படுத்திருந்தால் ஹாரன் அடித்தால் ஒரு காதையாவது ஆட்டும். மன்னார்க் கழுதைகள் அதுகூடச் செய்வதில்லை. ஏழெட்டுக் கழுதைகள் சாலையின் குறுக்கே நின்று ஏதோ தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருந்தன. சூசை இயந்திரத்தை நிறுத்தினார்.

"உதுகளுக்கு முன்னால விளம்பரம் ஓட விடலாம் சேர். ஒருத்தரும் தாண்டிப் போகேலாது."

கால்மணி நேரம் கழித்து, எங்களால் அல்லாமல் தங்கள் சொந்த முடிவின்படி கழுதைகள் நகர்ந்தன. கடலுக்கு நடுவே போகும் பாதையைக் கடந்ததும் உலகம் பச்சையாகிவிட்டது.

பரமேஸ் அறுபதைத் தொடும் பெண். மகன் வயலுக்குப் போயிருந்தான். வீட்டில் அவரும் மருமகள் தர்சினியும் மட்டும். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"அந்த வீடியோவ நான்தான் எங்கட பெண்கள் குழுவுக்கு அனுப்பினது" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "உண்மையோ பொய்யோ தெரியேல்ல. பயமா இருந்தது. அனுப்பிட்டன்."

"ஹாஜராவை உங்களுக்குப் பல வருஷமாத் தெரியுமே?"

"தெரியும் தம்பி. அதுதான் எனக்கும் விளங்கேல்ல." அவர் குரல் தணிந்தது. "மகனுக்குக் கலியாணம் முடிஞ்சு ஆறு வருசம். பிள்ளை இல்ல. போகாத கோயில் இல்ல. ஏன் எண்டு தெரியாமக் கிடந்து உத்தரிக்கேக்க, இதுதான் காரணம் எண்டு ஒருத்தன் வந்து சொன்னா, மனம் டக்கெண்டு பிடிச்சுக்கொள்ளுது. ஆரையாவது குற்றம் சொன்னா ஆறுதலா இருக்கு."

படிவம் கையில் இருந்ததால் படிவத்தைப் பார்த்தேன். அதில் ஒரு முட்டாள்தனமான கேள்வி இருந்தது: 'குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவரும் தயாரிப்பை உட்கொண்டாரா?' ஒவ்வொருவராகக் கேட்டு ஆம், இல்லை போட வேண்டும். பரமேஸ், ஆம். மகன், ஆம். தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த தர்சினியைப் பார்த்தேன்.

"இல்ல" என்றார் அவர்.

பரமேஸ் திரும்பினார்.

"நான் கருவாடு தின்னுறேல்ல. அந்த மணமே எனக்கு ஒத்துவராது. நீங்கள் சமைக்கேக்க நான் கிணத்தடிக்குப் போயிருவன். ஆறு வருசமா அப்பிடித்தானே மாமி."

பரமேஸுக்கு ஆறு வருடமாகக் கண்ணால் பார்த்தது, ஒரு நிமிஷ வீடியோவில் மறந்துபோயிருந்தது.

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் பிள்ளை சொல்லேல்ல?"

தர்சினி செம்பைக் கீழே வைத்தார். "அந்த வீடியோ வந்த மூண்டு கிழமையாத்தான், இந்த வீட்டில என்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எழுந்து முற்றத்துக்குப் போனேன். சூசை எதையும் கேட்காதவர்போல ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொய்யான ஒரு வீடியோ ஒரு பெண்ணின் தொழிலைக் கெடுத்ததும், அதே பொய் இன்னொரு பெண்ணுக்கு மூன்று வாரம் நிம்மதி கொடுத்ததும் என் படிவத்தில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது.

வெகுநேரம் கழித்துப் பரமேஸ் கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "கம்பனிக் கடதாசியில எழுதினத ஆர் வாசிக்கப்போகினம்? நான் எங்க அனுப்பினனோ, அங்கதான் சொல்லவேணும்."

கைபேசியில் குரல் பதிவு செய்ய உட்கார்ந்தார். முதல் தடவை சேவல் கூவியது. இரண்டாவது தடவை உழவு இயந்திரம் போனது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்து, பொத்தானை அழுத்தவில்லை என்று தெரிந்தது. நாலாவதுதான் பெண்கள் குழுவுக்கும் எனக்கும் போனது: "பரமேஸ் கதைக்கிறன். அந்தக் கருவாட்டுக்காரியப் பத்தி நான் அனுப்பின வீடியோ பொய். ஒருத்தரும் நம்பவேண்டாம்."

எனக்கு அது பெரிய வெற்றியாகத் தோன்றியது. நாலாம் நாள் காலை ஓடோடிப்போய் ஹாஜரா தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு தரம் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கிறா. என்ட பேரச் சொல்லேல்ல."

"கருவாட்டுக்காரின்னா நீங்கதானே?"

"கெட்டது சொல்லேக்க ஹாஜரா, எருக்கலம்பிட்டி எண்டு ஊரோட சொன்னாங்கள். நல்லது சொல்லேக்க மட்டும் கருவாட்டுக்காரியோ?" என் கைபேசியை வாங்கி, இரண்டே வரி பேசிப் பரமேஸுக்கு அனுப்பச் சொன்னார்: "பரமேஸக்கா, ஹாஜரா கதைக்கிறன். எனக்கு ஒரு பேர் இருக்கு."

பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக என் மேலாளர் அழைத்தார். குரலில் பட்டாசு. தளம் அந்த வீடியோவை நீக்கிவிட்டது! நம் அழுத்தம் வென்றுவிட்டது! அறிக்கை தயார்! நீக்கியதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் இழுத்தார். பின்னணியில் ஓடிய சினிமாப் பாட்டை உரியவர்களின் அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாம்.

இதை ஹாஜரா தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "பாட்டுக்காரருக்கு நடந்த அநியாயத்துக்காவது நியாயம் கிடைச்சிட்டுது."

பின்னேரம் நசீம் நானாவின் கடைக்குப் போய், கம்பெனி சார்பில் ஹாஜராவின் வீட்டிலேயே மன்னிப்புக் கேட்டாயிற்று என்று சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது, ஊருக்கே தெரிந்திருந்தது. "சரி, இறக்கினதத் திருப்பித் தட்டில வைக்கிறன்" என்றார். "ஆனா ஒண்டு. பிள்ளையள் இப்ப வேற பிஸ்கட்டுக்குப் பழகிட்டுதுகள்."

ஐந்தாம் நாள் விடுதியில் பாண் தின்றுகொண்டே பழக்கதோஷத்தில் கைபேசியைத் தடவினேன். அதே வீடியோ. வேறொரு கணக்கிலிருந்து. இந்த முறை பாட்டு இல்லை. அதற்கு முன்னால் வேறு யாருடைய ஷாம்பு விளம்பரமோ, தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு ஓடியது. மேலாளரை அழைத்தேன்.

"விளம்பரத்தைத் திரும்ப ஆரம்பிக்கலாம்தானே?" என்றார் எடுத்ததும்.

"வேண்டாம். பாட்டைத்தான் எடுத்திருக்காங்க. பொய் அப்படியே இருக்கு. தமிழ் தெரிஞ்ச ஆளுங்களை வெச்சுப் பார்க்கிறதா தளம் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் வேண்டாம். என் அறிக்கையில அப்படித்தான் எழுதப்போறேன். நான் மன்னிப்புக் கேட்டதையும் எழுதப்போறேன்."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. பிறகு, "வழக்கறிஞர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். கம்பெனி இன்னும் இரண்டு வாரம் விளம்பரத்தைத் தள்ளிப்போட்டது. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் புரட்சி. தளம் எழுதித் தர வேண்டிய உறுதி இன்றுவரை வரவில்லை.

போனை வைத்தபோதுதான் பரமேஸிடமிருந்து பதில் வந்திருப்பதைப் பார்த்தேன். பெண்கள் குழுவில் போட்டதையே எனக்கும் அனுப்பியிருந்தார். சேவல் கூவியது, ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"பரமேஸ் கதைக்கிறன். எருக்கலம்பிட்டி ஹாஜராவைப் பத்தி நான் அனுப்பினது பொய். ஹாஜரா தூவுறது உப்பு. என்ட மருமகள் தர்சினி கருவாடு தின்னுறதே இல்ல. குற்றம் கருவாட்டிலயும் இல்ல, அவளிலயும் இல்ல. இனி ஆரும் இந்த வீட்டில வந்து அதக் கேட்கக் கூடாது. குற்றம் என்ட விரலில. அனுப்பினது நான்தான்."

ஹாஜரா தாத்தா அதை ஒரே தரம்தான் கேட்டார். கேட்டுவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, லொறிக்காரரைக் கூப்பிட்டார். நான் கூட வரலாமா என்றேன். "வாங்கோ, பெட்டியத் தூக்கலாம்" என்றார்.

உயிலங்குளத்தில் லொறி வழக்கமான இடத்தில் நின்றது. அவர் இறங்கினார், ஆனால் படலைக்குப் போகவில்லை. வழியிலேயே, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நாய் குரைத்தது. சங்கிலிச் சத்தமும் கேட்டது, கட்டித்தான் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் படலை திறந்தது. பரமேஸ் வெளியே வழிக்கே வந்தார். பின்னால் ஒவ்வொருவராக மூன்று நாலு பெண்கள். தர்சினி மாமரத்தடியில், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி தூரமாக நின்றார். அவர் சிரித்ததுபோல இருந்தது. தலைப்பு மறைத்திருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

மன்னிப்பு, அழுகை, கட்டித் தழுவல் என்று ஏதாவது நடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். விளம்பரம் எழுதுகிறவன் அப்படித்தான் எதிர்பார்ப்பான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பரமேஸ் குனிந்து, பெட்டிக்குள் கைவிட்டு, ஒரு சீலாக் கருவாட்டை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். வயிற்றுப் பக்கத்தை விரலால் அழுத்தினார். மணந்து பார்த்தார். பிறகு அதை ஹாஜரா தாத்தாவிடம் நீட்டினார்.

"இது சரியாக் காயேல்ல."

ஹாஜரா தாத்தா வாங்கி, தானும் அழுத்திப் பார்த்தார். அந்த ஐந்து நாளில் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"ஓம் அக்கா" என்றார். "இது காயேல்லதான். வேற தாறன்."